பதினோராம் எண்ணின் இருபத்துநான்கு மணி நேரம்

தெய்வம் மன்னிக்கும், அளவு மன்னிக்காது. மண்ணில் இதுவரை நடந்த சண்டைகளெல்லாம் யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் டேப்பைத் தொய்வாகப் பிடித்ததால் வந்தவை. இந்த மகா உண்மையை ஒரு சர்வேயர் இருபத்தாறு வருடமாகச் சொல்லி வந்தார். சொன்ன இடம் பெரும்பாலும் முள்வேலி ஓரம். கேட்டவர்கள் பெரும்பாலும் பசியோடு நின்றிருந்த இரண்டு பங்காளிகள். அலுவலகத்தில் அவருக்கு 'அங்குலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அது காதில் விழுந்த அன்று அவர் பெருமையாகச் சிரித்துவிட்டதில் வைத்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்பேர்ப்பட்ட அங்குலத்துக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் கால் வீங்கியது. முதலில் செருப்பைக் குறை சொன்னார். பிறகு செருப்புக் கடைக்காரரைக் குறை சொன்னார். கண்ணிமையும் வீங்கி, சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தபோது குறை சொல்ல ஆள் கிடைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

முதுகில் ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து நூல் கனத்துக்கு ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். நோய்க்கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறிப் போய்ச் சொந்தச் சிறுநீரகத்தையே அடிக்கிறது என்றார்கள். வடிகட்டி ஓட்டையாகி, ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரோடு போகிறதாம்.

"அதாவது, எல்லை தெரியாம பக்கத்து வயல்ல புகுந்துட்டான்" என்றார் அங்குலம்.

"பக்கத்து வயல் இல்ல சார், சொந்த வயல்" என்றார் வார்டு டாக்டர்.

எதிர்ப்புச் சக்தியை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள். காலையில் ஆறு மாத்திரை. வீக்கம் வடிந்தது, ஆனால் முகம் உப்பி, கன்னம் காதைத் தொட்டது. தூக்கம் போனது. கோபம் வந்தது, அது ஏற்கெனவே இருந்ததுதான் என்று அவர் மனைவி சொன்னாள். "முன்னாடி ரெண்டு நாளைக்கு ஒரு சண்டை. இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு. கண்ணாடியில பாத்தா வேற யாரோ வீட்டு ஆள் நம்ம வீட்ல வந்து கத்தற மாதிரி இருக்கு."

இந்த நேரத்தில்தான் பேராசிரியர் வந்தார்.

வந்தார் என்று சொல்வது சரியில்லை; எழுந்தருளினார். முன்னால் இரண்டு பேர் வழி விலக்க, பின்னால் நான்கு பேர் குறிப்பெடுக்க, கட்டில் ஓரம் நின்று ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "வைட்டமின் டி. எலும்புக்குன்னு சொல்லி நூறு வருஷமா அதை அவமானப்படுத்திட்டோம். அது வைட்டமினே இல்ல, ஹார்மோன். வெறிபிடிச்ச எதிர்ப்புச் சக்தியோட காதுல போய், 'போதும், உக்காரு'ன்னு சொல்ற ஒரே குரல். ஸ்டீராய்டு தடியால அடிக்கும். இது பேசித் திருத்தும்."

குறிப்பெடுத்தவர்கள் 'பேசித் திருத்தும்' என்று எழுதிக்கொண்டார்கள்.

இருபது நோயாளிகள். ஆறு மாதம். வைட்டமின் டியை உயர்ந்த அளவில் கொடுத்துக்கொண்டே, சிறுநீரில் புரதம் குறையக் குறைய ஸ்டீராய்டையும் குறைத்துக்கொண்டு போவது. ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறதா என்று இடையிடையே பார்ப்பது. இதுதான் ஆய்வு. அங்குலம் கையெழுத்துப் போட்டார். ஸ்டீராய்டு குறையும் என்பது அவருக்குப் போதும். அந்த நிமிடத்திலிருந்து பேராசிரியருக்கு அவர் 'பதினொண்ணு' ஆனார்.

புரதத்தை அளக்க ஒரு நாள் முழுக்க, அதாவது இருபத்துநான்கு மணி நேரம், போகிற சிறுநீர் மொத்தத்தையும் பிடித்துக் கொடுக்க வேண்டும். நல்ல உடம்புக்கே நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரும் என்று, அதற்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்று கொடுத்தார்கள். வெள்ளை நிறம், பக்கத்தில் கைப்பிடி, மூடியில் '11'. முதல் தடவை வார்டிலேயே பிடித்தார்கள். நர்ஸம்மா ஒருத்தி வாசலில் காவல் நின்று ஒரு சொட்டு விடாமல் வாங்கினாள். புரதம் ஐந்து கிராமும் கொஞ்சமும்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாவது தடவை. வீட்டுக் குளியலறையில், வாளிக்குப் பின்னால் கேனை வைத்து, அதன்மேல் துண்டு போட்டு மூடி, பத்து மணிக்கு அலுவலகம் போய் ஆறு மணிக்குத் திரும்பினார். கேன் பத்திரமாக இருந்தது. புரதம் மூன்றரை கிராம்.

"பேச ஆரம்பிச்சிடுச்சு!" என்றார் பேராசிரியர். ஆறு மாத்திரை மூன்றாயிற்று.

மேலும் இரண்டு மாதம். இப்போது ஊர் நிலங்களுக்கு மறு அளவை வேலை தொடங்கிவிட்டது. விடிவதற்குள் கிளம்பி, வெயில் தாழத் திரும்புகிற நாட்கள். கேன் அதே வாளிக்குப் பின்னால், அதே துண்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. புரதம் இரண்டே கிராம். மூன்று மாத்திரை ஒன்றாயிற்று. இருபது பேரில் இப்படி இறங்கியவர் வேறு யாருமில்லை. பேராசிரியர் வரைபடத்தில் பதினோராம் கோட்டை மட்டும் சிவப்பில் போட்டார். மூன்று வாரத்தில் பெரிய மருத்துவ மாநாடு. அங்கே சிவப்புக் கோட்டைப் பற்றித் தனியாகப் பதினைந்து நிமிடம் பேசப்போகிறார் என்று பேச்சு. அடுத்த புதன்கிழமை கடைசி மாத்திரையையும் நிறுத்திவிடுவார்.

ஒரே ஒரு சங்கடம். அங்குலத்தின் கால் மறுபடி வீங்க ஆரம்பித்திருந்தது.

காலையில் லேசாக, மாலையில் முழங்கால் வரை. மனைவி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "குழி விழுதுங்க. இந்தக் குழியில நாலு எறும்பு குடித்தனம் பண்ணலாம்."

"ரிப்போர்ட்ல குறைஞ்சிருக்கு."

"ரிப்போர்ட்டா செருப்பு போட்டுக்கிட்டு நடக்குது?"

அவர் பேராசிரியரிடம் போனார். இரண்டு மணி நேரம் காத்திருந்து ஒன்றரை நிமிடம் கிடைத்தது. கால்சட்டையைத் தூக்கிக் காட்டினார். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார்.

"நிறைய நிக்கறீங்க. வேலை அப்படி."

"இருபத்தாறு வருஷமா நின்னுட்டுத்தான் சார் இருக்கேன்."

"ரத்த ரிப்போர்ட்டுல புரதம் இன்னும் ஏறலைன்னு யோசிக்கறீங்க. ரத்தம் மெதுவாத்தான் திருந்தும். கால் பொய் சொல்லும், பதினொண்ணு. எண் பொய் சொல்லாது."

அங்குலம் கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். இது அவருடைய வசனம். இதே வார்த்தைகளை அவர் எத்தனையோ வேலி ஓரங்களில் நின்று, 'என் தாத்தா காலத்துல இருந்து இதுதான் எங்க வரப்பு' என்று அழுத எத்தனையோ பேரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். இப்போது அது தன் முகத்துக்கு வந்தபோது, அது எவ்வளவு எரிச்சல் மூட்டுகிற வசனம் என்று முதல்முறையாகத் தெரிந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மைத்துனர் போன் செய்தார். "மாமா, மாத்திரை எதுக்கு? தினமும் அரை மணி நேரம் வெயில்ல நில்லுங்க, டி தானா வரும்." வருடத்தில் முந்நூறு நாள் வெயிலில் நிற்கிற ஆளிடம் இதைச் சொன்னார். அங்குலம் போனை வைத்துவிட்டார். அலுவலகத்தில் குணமாகிவிட்டார் என்று கைகுலுக்கினார்கள். கைகொடுத்தவர்கள் குனிந்து காலைப் பார்க்கவில்லை.

"புதன்கிழமை மாத்திரையை நிறுத்திட்டா என்ன ஆகும்?" என்றாள் மனைவி.

"நிறுத்தினா ஸ்டீராய்டு இல்லாம இருக்கலாம். அதுதானே வேணும்."

"ஆஸ்பத்திரியில எங்க வரிசையில ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களே, வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணிக்கறவங்க. அவங்க காலும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுதாம்." அவள் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவள் கேலி பண்ணாமல் ஒரு பேச்சை முடித்தது அங்குலத்தைக் கால் வீக்கத்தைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

உடம்பு ஒன்று சொல்கிறது, எண் ஒன்று சொல்கிறது. அப்படியானால் அளந்த கருவியில் கோளாறு. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு இவ்வளவு நாள் ஆனதே அவமானம். மறுநாள் காலை அரை நாள் விடுப்புப் போட்டு ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

அது அடித்தளத்தில் இருந்தது. பெரிய கண்ணாடி அணிந்த டெக்னீஷியன் அம்மா ஒருத்தி டீ குடித்துக்கொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் வரிசையாக வெள்ளைக் கேன்கள்.

"உங்க மெஷினைக் கடைசியா எப்ப சரிபாத்தீங்க?" என்றார் அங்குலம். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"காலையில ஏழு மணிக்கு. நீங்க யாரு, இன்ஸ்பெக்ஷனா?"

"பதினொண்ணு."

அவள் டீயைக் கீழே வைத்தாள். "ஓ, சிவப்புக் கோடு! வாங்க சார், உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. சரிபார்த்த சீட்டைக் கேட்டார், காட்டினாள். அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, மண்டியிட்டுக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தார். வீங்கிய காலை மடக்கி மண்டியிட்டது வலித்தது. ஜாடி சரியாக இருந்தது. தராசைக் கேட்டார். தராசும் சரி. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவருக்கு எரிச்சல் ஏறியது.

"அப்ப எங்கேம்மா தப்பு? கால் வீங்குது, எண் இறங்குது. ரெண்டுல ஒண்ணு பொய்."

அவள் ஒரு தடிமனான பதிவேட்டை எடுத்துத் திருப்பினாள். "சார், பேராசிரியர் எங்ககிட்ட புரதம் மட்டும்தான் கேப்பார். ஆனா நாங்க பழக்கத்துல கிரியேட்டினினும் பாத்து எழுதிடுவோம். அது தசையில இருந்து வர்ற கழிவு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வரும். சண்டை போட்டாலும் சரி, தூங்கினாலும் சரி. உங்களுக்கு முதல் தடவை ஒண்ணு புள்ளி நாலு கிராம். ரெண்டாவது தடவை புள்ளி ஒன்பது. மூணாவது புள்ளி அஞ்சு."

"அதுவும் குறையுது."

"அது குறையக் கூடாது சார். நாலு மாசத்துல உங்க தசை மூணுல ஒரு பங்கா ஆயிடுச்சா? நீங்க நல்லாத்தானே மண்டி போட்டீங்க?"

அங்குலம் பேனாவை எடுத்தார். புரதத்தைக் கிரியேட்டினினால் வகுத்தார். முதல் தடவை நான்கு. இரண்டாவது தடவை நான்கு. மூன்றாவது தடவையும் நான்கு. வரைபடத்தைச் சின்னதாக வரைந்தால் வயல் சின்னதாகிவிடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க" என்றாள் அவள். "வேலைக்குப் போற அன்னைக்கு கேன் எங்கே இருந்துச்சு?"

"வீட்ல."

"நீங்க?"

"வயல்ல. அதுக்கு முந்தின தடவை ஆபீஸ்ல."

"வயல்ல வந்தா?"

அவர் சுவரைப் பார்த்தார். "மரம் இருக்கும்."

"எத்தனை தடவை?"

"மூணு. தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னாங்க, அதனால நாலு."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவருக்குத் தெரிந்தது. "சீட்டுல 'மொத்தமும்'னு போட்டிருக்குமே சார்?"

"மொத்தமும்தாம்மா. வீட்ல வந்தது மொத்தமும்."

இருபத்தாறு வருடமாக ஒரு விரற்கடைக்குச் சண்டை போட்ட மனிதர், நாளில் பாதியை மரத்தடியில் விட்டுவிட்டு மீதியை முழு நாள் என்று ஒப்படைத்திருக்கிறார். அதைப் பார்த்து ஒரு பேராசிரியர் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். இதில் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அங்குலம் கேன் வரிசையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"ஒண்ணு பண்ணுங்க" என்றாள் டெக்னீஷியன். "புதன்கிழமைக்கு முன்னாடி ஒரு முழு நாள் பிடிங்க. கேனை உங்க கூடவே வச்சுக்கங்க. கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி."

விடுப்பு கிடைக்கவில்லை. ஆகையால் திங்கள்கிழமை விடிகாலை கேனை ஒரு துணிப்பைக்குள் வைத்து, டேப்பும் முக்காலியும் கொடிக்கம்பும் இருந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். வண்டியில் வந்த சங்கிலிக்காரர், அதாவது டேப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவர், பையைப் பார்த்து, "புதுக் கருவியா சார்?" என்றார். "ஆமா, அதைத் தொடாதே" என்றார் அங்குலம்.

அன்று அளக்க வேண்டியது அண்ணன் தம்பி இருவரின் நிலம். பதினான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் தத்தம் பக்கத்தில் நின்று, அங்குலத்தின் ஒவ்வொரு அசைவையும் வேவு பார்த்தார்கள். முதல் தடவை அவர் பையோடு மரத்துக்குப் பின்னால் போய் வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை தம்பி சங்கிலிக்காரரிடம் ஏதோ கேட்டார். மூன்றாவது தடவை அண்ணன் வழியை மறித்துவிட்டார்.

"பையில என்ன சார்?"

"என் சொந்தச் சாமான்."

"போகும்போது லேசா இருக்கு. வரும்போது கனமா இருக்கு. அந்தப் பக்கம் யாரு என்ன குடுக்கறாங்க?"

"யாரும் ஒண்ணும் குடுக்கல. விடுங்க."

"எண்ணெய் கேன் சார் அது!" என்று கத்தினார் தம்பி, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "கைப்பிடி தெரியுது. நான் குடுக்கல. அப்ப அவன்தான் குடுத்திருக்கான்!"

"நான் குடுத்தேனா? நீ குடுத்துட்டு என்மேல போடறியா?"

பதினான்கு வருடம் கழித்துச் சகோதரர்கள் பேசிக்கொண்டார்கள். பேச்சு கைகலப்பை நெருங்கியது. அண்ணன் பையைப் பிடித்து இழுத்தார். அது கவிழ்ந்தால் புதன்கிழமை கவிழ்ந்தது என்று அங்குலத்துக்குத் தெரியும். இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலி ஓரத்தில் நின்று உரத்த குரலில் உண்மையைச் சொன்னார்.

"மூத்திரம்யா! என் மூத்திரம்! சிறுநீரகத்துல கோளாறு, பிடிச்சுக் குடுக்கணும்!"

அண்ணன் பையை விட்டுவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சங்கிலிக்காரர் வானத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அன்று அவர் போட்ட எல்லையை இருவரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அவரைச் சீக்கிரம் அனுப்பினால் போதும் என்றிருந்தது.

கேன் செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக்குப் போனது. கிரியேட்டினின் ஒன்று புள்ளி நான்கு, முழு நாள். புரதம் ஏழு கிராம். வைட்டமின் டி எதிர்ப்புச் சக்தியின் காதில் நான்கு மாதமாக என்ன சொன்னதோ தெரியவில்லை. எதிர்ப்புச் சக்திக்கு அது கேட்கவில்லை என்பது மட்டும் தெளிவாயிற்று.

புதன்கிழமை அங்குலமும் டெக்னீஷியனும் பேராசிரியர் அறையில் நின்றார்கள். பதிவேடு அவள் கையில் இருந்தது. திரையில் சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு இன்னிக்கு மாத்திரையை நிறுத்தக் கூடாது சார். பழையபடி ஆறு எழுதிக் குடுங்க" என்றார் அங்குலம். நடந்ததைச் சொன்னார். மரம் வரைக்கும் சொன்னார்.

பேராசிரியர் முதல்முறையாக ஜன்னலை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "இதை மாநாட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி சொல்றீங்க."

"நேத்துதான் சார் ரிப்போர்ட் வந்தது."

"ஒரே ஒரு ரிப்போர்ட். அதுவும் வயல்ல, வெயில்ல, ஆளுங்க இழுத்துப் பிடிச்ச கேன். மூணு ரிப்போர்ட் குறையுதுன்னு சொல்லுது. நான் மூணை நம்பறதா, ஒண்ணை நம்பறதா? திட்டப்படி இன்னிக்கு ஸ்டீராய்டு நிறுத்தம். மாநாடு முடியட்டும், பாக்கலாம்."

"அதுக்குள்ள என் சிறுநீரகம் முடிஞ்சுட்டா?"

"பதட்டப்படாதீங்க, பதினொண்ணு."

"சார், கிரியேட்டினினைப் பாருங்க" என்றாள் டெக்னீஷியன். "வீட்ல பிடிச்ச ரெண்டு தடவையும் புரதத்தோட அதுவும் சேர்ந்து குறைஞ்சிருக்கு. இன்னும் எட்டு ஒன்பது பேருக்கும் அப்படித்தான் இருக்கு. எல்லாரும் வேலைக்குப் போறவங்க."

"கிரியேட்டினின் ஆளுக்கு ஆள் மாறும்மா. அதை வச்சு ஒரு ஆய்வைக் கவுக்க முடியாது." பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். குரலில் வகுப்பறை வந்துவிட்டது. "இதோ பாருங்க, பிரச்சினை மருந்து இல்ல, ஒழுங்கு. ஒரு கேனைக் கூட வச்சுக்கத் தெரியாத மனுஷன் நம்ம முறையைக் குத்தம் சொல்றார். ஒப்பீட்டுக்கு நோயில்லாத பத்துப் பேர்கிட்டயும் நாம பிடிச்சிருக்கோமே, அந்தப் பக்கத்தை எடுங்க. ஒழுங்கா பிடிச்சா எண் எப்படி இருக்கும்னு இவருக்குக் காட்டறேன்."

டெக்னீஷியன் பதிவேட்டைத் திறக்கவில்லை. "அந்தப் பக்கம் வேண்டாம் சார்."

"எடுங்கன்னு சொல்றேன்."

அவள் எடுத்து மேசைமேல் திருப்பி வைத்தாள். பேராசிரியர் விரலை முதல் வரியில் வைத்தார். விரல் அங்கேயே நின்றது. அங்குலத்துக்குத் தலைகீழாக எழுத்தைப் படிக்கிற பழக்கம் உண்டு. வரைபடம் எப்போதும் எதிராளி பக்கம்தான் இருக்கும். அவரும் படித்தார். பேராசிரியர் மருந்துச் சீட்டை இழுத்து, ஆறு மாத்திரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அங்குலத்தைப் பார்க்காமலே நீட்டினார்.

நோயில்லாத பத்துப் பேரில் முதல் பெயர் பேராசிரியருடையது. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு அவர் கொடுத்திருந்தது இருநூற்று அறுபது மில்லி.